பிளம்ஸ் மரத்தில் இருபத்தாறு கயிறுகள்

இடது என்ஜின் மூடியின் நாலாவது தாழ்ப்பாள் திறந்து கிடந்ததைக் கண்டுபிடித்தது, விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் கொட்டகை ஆளில்லை. செவ்வாய்க்கிழமை காலை விமானத்தை எடுத்துப்போக வந்த துணை விமானி, ஒரு சின்னப் பெண். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. காபிக் கோப்பையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிப்போகிறவர்கள்தான் அதிகம். இவள் குனிந்துவிட்டாள்.

மூடியின் அடிவயிற்றில் நாலு தாழ்ப்பாள். மூன்று ஒழுங்காக இருந்தன, ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. அப்படியே மேலே போயிருந்தால் காற்று மூடியைப் பிய்த்து இறக்கைமேல் அடித்திருக்கும். மதியம் அதில் ஏற வேண்டியவர்கள் நூற்றெழுபது பேர்.

அவள் மூடியையும் திறக்கச் சொன்னாள். எண்ணெய்க் குழாய்க்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு ஒன்று, குஞ்சம் வைத்தது, சிக்கிக்கொண்டு கிடந்தது. அவளும் எங்கள் ஊர்ப் பெண்தான். பார்த்ததும், "ஓ, மார்த்தெனித்சா" என்றாள். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் முதல் தேதி இந்த பிளோவ்திவ் ஊரில் இந்தக் கயிறு கட்டாத மணிக்கட்டு கிடையாது. நாரையோ பூத்த மரமோ கண்ணில் படும்வரை கையில் இருக்கும். பட்டதும் அவிழ்த்து ஒரு கிளையில் கட்டிவிடுவோம். என்ஜினில் கைவைக்கிறவன் மோதிரம், கடிகாரம், கயிறு எதுவும் போட்டிருக்கக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் தர ஆய்வாளர் வெலிசாரின் கையெழுத்து. முதல் தேதியன்று அந்தத் தாளுக்குக் கீழேயே நின்றுகொண்டு, கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் தொன்கா எங்கள் பதினேழு பேருக்கும் கட்டிவிட்டாள். எல்லாம் ஒரே நூல்கண்டில் முறுக்கியவை. வெலிசார் "எனக்கு வேணாம்மா, நானே விதி போட்டவன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

நாரை வந்தது திங்கட்கிழமை. பத்து மணிக்கு ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் தாழப் பறந்து போனது. வேலையைப் போட்டுவிட்டு, கொட்டகையில் நின்றவர்கள் வாசலிலிருந்த பிளம்ஸ் மரத்துக்கு ஓடிக் கயிற்றைக் கட்டினோம். மதியம் மெக்கானிக் ஸ்பாஸ் அந்த இடது என்ஜினுக்கு எண்ணெய் வடிகட்டி மாற்றி, மூடியை இறக்கி, தாழ்ப்பாள்களைப் பூட்டி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனார். அவருக்கு அடுத்து, சரிபார்த்ததாகப் போட்ட கையெழுத்து வெலிசாருடையது.

ஆக, கையெழுத்து இரண்டு. ஆனால் மாட்டப்போவது ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்பாஸ் பேரில் ஏற்கெனவே இரண்டு குற்றம் எழுதியிருந்தது. ஒரு தடவை சக்கரப் பொந்தில் டார்ச் விளக்கை மறந்து வைத்தது. ஒரு தடவை தேதியை மாற்றிப் போட்டது. மூன்றாவது விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்குக் கொட்டகையில் துடைப்பம் மட்டும்தான் கொடுப்பார்கள்.

இயக்குநர் அசேன் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் உள்ளே நின்றேன். அந்த ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு.

"மூணாவது தடவை, ஸ்பாஸ். நான் ஒண்ணும் பண்ண வேண்டாம், மேலிடமே புடுங்கிக்கும்."

"நாலையும் நான்தான் சார் பூட்டுனேன், மல்லாந்து படுத்துக்கிட்டு. காதுக்குள்ள எண்ணெய் சொட்டி இன்னும் அந்தக் காது அடைச்சுக் கெடக்கு."

"கயிறு?"

"என் கயிறு மரத்துல தொங்குது."

வெலிசாரையும் கேட்டார்கள். தான் குனிந்து பார்த்ததாகவும், நாலும் மூடியிருந்ததாகவும், மூடியைத் தான் தொடவே இல்லை என்றும், தன் கயிற்றை வீட்டுக்குப் போகும் வழியில் மரத்தில் கட்டியதாகவும் சொன்னார். குனிந்தார் என்பதைக் கேட்டதும் எனக்கு இருமல் வந்தது. பதினோரு வருடத்தில் அவர் கால்சட்டை முழங்காலில் ஒரு கறையைப் பார்த்தவன் எங்களில் கிடையாது. என்ஜினிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்பார், "எல்லாம் சரிதானே?" என்பார், பேனாவைத் திறப்பார். அதைப் பெரிய குற்றமாக நாங்களும் நினைத்ததில்லை. நானே இப்படி எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

சாயங்காலம் தொன்கா என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கருவி அறையில் இருபது வருடமாக இருப்பவள். ஒரு திருப்புளி குறைந்தாலும் விமானத்தை நகர விடமாட்டாள். அதே கண்ணோடு கிளை கிளையாக எண்ணினாள். பதினாறு.

"ஒண்ணு வரவேயில்ல, கிரோ" என்று என்னிடம் சொன்னாள்.

"காத்துல விழுந்திருக்கும்."

"நான் கட்டுன முடிச்சு காத்துல விழாது. யாரோ கட்டவேயில்ல. கட்டாதவன் கயிறுதான் என்ஜினுக்குள்ள கெடந்துச்சு. நேத்து ஸ்பாஸ் போனப்புறம் மூடியத் தொறந்தது அவன்தான்."

யாரென்று எங்கள் இருவருக்குமே ஒரு நினைப்பு இருந்தது. நினைப்பை வைத்துக்கொண்டு லைசென்ஸைக் காப்பாற்ற முடியாது. தொன்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய், பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்த மாலை ஷிப்டு முன்னால் சத்தமாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். நாளை பத்து மணிக்கு விமானக் கம்பெனி ஆள் வருகிறான், மரத்திலிருக்கும் கயிற்றை எல்லாம் எண்ணிப் பெயர் பெயராக டிக் அடிக்கப்போகிறான், ஒன்று குறைந்தாலும் கொட்டகைக்கே பூட்டு. கம்பெனி ஆள் வரப்போவது உண்மை. மரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் எண்ணினோம். இருபத்தாறு.

தொன்கா மறுபடி எண்ணினாள். இருபத்தாறுதான். ஒருத்தனைப் பிடிக்க வலை போட்டால் குளமே வந்து விழுந்திருந்தது. காற்றில் தன்னுடையது விழுந்திருக்குமோ என்று ஆளாளுக்குப் பயந்து, ராத்திரியோடு ராத்திரியாக இன்னொன்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குளிர்காலக் காலுறையைப் பிரித்து முறுக்கியது ஒன்று. என்ஜின் வாயை மூடும் உறையின் சிவப்புப் பட்டையைக் கிழித்துச் செய்தது மூன்று. ஒரு மேதாவி கிளையோடு சேர்த்து இரும்புக் கம்பியால் முறுக்கி, விமானத்தில் ஆணி கழலாமலிருக்கப் போடுவதுபோல் பூட்டே போட்டிருந்தான். கூடுதலாக வந்த அந்தப் பத்தில் ஒன்று என்னுடையது. நான் கட்டிய கயிறு பத்திரமாக இருப்பது தெரியும், எண்ணப்போவது பொய் என்பதும் தெரியும். இருந்தாலும் கட்டியிருந்தேன். தொன்காவிடம் அதைச் சொல்லவில்லை.

"மொத்தக் கொட்டகையும் திருட்டுக் கூட்டம்" என்று திட்டிக்கொண்டே அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கருவி திருப்பி வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்தாள். ஒன்றில் கை நின்றது. அதைக் கழற்றி மோந்தாள். என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பார்க்கக் கயிறு, தொட்டால் குச்சி. ஒரு வெள்ளைச் சணல் நூலுக்குப் பாதிதூரம் சிவப்புப் பூசியிருந்தது.

அது என்ன சிவப்பு என்று எனக்கும் உடனே தெரிந்துவிட்டது. இறுக்கிய மறையாணியின்மேல், இதைப் பார்த்தாயிற்று என்று ஆய்வாளர் ஒரு கோடு இழுத்துவிடுவார். அந்தப் பூச்சு. காய்ந்தால் ஓடுபோல உடையும்.

பத்து மணிக்குக் கம்பெனி ஆள் வந்தான். அசேனின் அறையில் ஸ்பாஸ் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அறிக்கையில் பெயர் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. அங்கே யார் பெயரை எழுதப்போகிறார்கள் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெலிசார் ஜன்னலோரம் நின்றார். கூப்பிடாமலே தொன்கா உள்ளே போய் அந்தக் குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"கயிறுதானே, வளைச்சுப் பாருங்க சார்."

அசேன் வளைத்தார். பட்டென்று முறிந்தது. சிவப்புத் தூள் அறிக்கைமேல் கொட்டியது.

"இந்தப் பூச்சு வருஷத்துக்கு ரெண்டு டியூப் வரும்" என்றாள் தொன்கா. "ரெண்டும் என்கிட்ட ஒருத்தர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிட்டுப் போவாரு. அவரு அத யாருக்கும் இரவல் குடுக்கறதில்ல. அதுக்கும் ஒரு விதி எழுதி ஒட்டியிருக்காரு."

யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையிருக்கவில்லை. வெலிசார் முதலில் சட்டைப்பையைத் தொட்டார். டியூப் அங்கேதான் இருந்தது போல. பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நான் உள்ள பார்த்தேன்" என்றார். "சத்தியமா இந்த ஒரு தடவை உள்ள பார்த்தேன்."

விஷயம் இதுதான். வடிகட்டியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று விமானக் கம்பெனி புதிதாக ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதனால் திங்கட்கிழமை ஸ்பாஸ் போன பிறகு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வெலிசார் தரையில் அட்டை விரித்துப் படுத்து, மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டிருக்கிறார். சட்டைக் கைக்குள் இருந்த கயிறு எங்கோ மாட்டி அறுந்து விழுந்தது. தேடினார். அகப்படவில்லை. அப்போது போன் வந்தது. மூடியைப் பூட்டும்போதும் ஒரு கையில் போன் இருந்தது. மூன்று தாழ்ப்பாளைப் பூட்டியது நினைவிருக்கிறது, நாலாவது நினைவில்லை. கயிற்றைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காலையில் அவருக்கு முன்னால் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

வழக்கம்போல ஐந்தடி தள்ளி நின்று கையெழுத்துப் போட்டிருந்தால், ஸ்பாஸ் பூட்டிய நாலு தாழ்ப்பாளோடு விமானம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி ஆளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஸ்பாஸ் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "போன் யாரு பண்ணுனது?"

வெலிசார் அசேனைப் பார்த்தார். அசேன், நாலு மணிக்குள் விமானத்தை வெளியே தள்ள வேண்டியிருந்தது, கையெழுத்து ஆயிற்றா என்று கேட்பது தன் வேலை என்று கம்பெனி ஆளிடம் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை இறுதி அறிக்கை தயாரானது. பதினாலு பக்கம். வெலிசாரைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். ஸ்பாஸ் மேல் குற்றமில்லை என்று எழுதியிருந்தது. படித்து ஒப்புக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட வேண்டும். அசேன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துப் பேனாவையும் நீட்டினார். அறிக்கையை எடுத்துப்போக வந்தவன் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றான்.

ஸ்பாஸ் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்தார். படிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் ஒரு காகிதத்தை முழுசாகப் படித்து நான் பார்த்ததேயில்லை. தாழ்ப்பாள் விவரம் வரும் ஒன்பதாவது பக்கத்தை இரண்டு தடவை படித்தார். வெளியே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

"போடுய்யா, உனக்கு நல்லதாத்தான எழுதியிருக்கு" என்றார் அசேன்.

"அந்தப் போன் எந்தப் பக்கத்துல வருது சார்?"

அது தொழில்நுட்ப விஷயமில்லை என்றார் அசேன். அறிக்கையில் அதற்கெல்லாம் இடம் கிடையாது, வெலிசார் அவசரப்பட்டார் என்று எழுதியிருக்கிறதே, அது போதும் என்றார்.

"அவரு சும்மா அவசரப்படற ஆளில்ல" என்று ஸ்பாஸ் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "எனக்கு இன்னைக்கு வேற வேலையில்ல. காத்திருக்கேன்."

அசேன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். வெளியே ஹாரன் அடித்தது. கடைசியில் அவர் பேனாவைப் பிடுங்கி, ஒன்பதாவது பக்கத்தின் ஓரத்தில் தன் கையாலேயே ஒரு வரி எழுதினார். கையெழுத்து ஆயிற்றா என்று இயக்குநர் போனில் கேட்டார், அந்த நேரத்தில் ஆய்வாளர் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தார். எழுதித் தாளை ஸ்பாஸ் பக்கம் தள்ளினார்.

ஸ்பாஸ் அதையும் எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு வரியின் கடைசியில் எண்ணெய்க் கறை படிந்த விரலை வைத்தார்.

"நேரம் போடல சார்."