கீழ்ச் சுரம் கஜந்தியுடையது

1.
இந்தக் கதை கொத்துரொட்டி வரிசையில் பிறந்தது. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு கல்யாண மண்டபம். எனக்கு முன்னால் நின்ற பேஸ் கிட்டார்க்காரி, பக்கத்தில் நின்ற கிட்டார்க்காரனை வறுத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ரைன் நதியின் மேல் அந்திச் சூரியன் ஒரு சோக ராகத்தை…’

வேண்டாம். அன்று மழை.

2.
அவனுக்கு மதீசன் என்று பெயர் வைக்கிறேன். பகலில் லிஃப்ட் திருத்துகிறான். சனிக்கிழமைகளில் கல்யாணங்களுக்கு கிட்டார் வாசிக்கிறான். அண்மையில் யூடியூப் பார்த்து கோர்ட் இன்வெர்ஷன் கற்றுக்கொண்டான். (கற்றவர்களைக் கொஞ்ச நாளைக்கு வெளியே விடக் கூடாது.) விஷயம் சின்னது. ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலித்தால் ஒரு கோர்ட், அதாவது சுரக்கூட்டு. அடியில் ச இருந்தால் அது வீடு வந்து சேர்ந்த சத்தம். அதே மூன்றில் க அடிக்கு வந்தால் அது இன்வெர்ஷன், வாசல்வரை வந்து உள்ளே வராமல் நிற்கிற சத்தம்.

அடிச்சுரத்துக்குப் பொறுப்பான பேஸ் வாசிக்கும் கஜந்திக்கு ஹனோவரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள். ‘போகாதையும்’ என்று சொல்ல வாய் வராமல் மதீசன் ஒரு பாட்டு எழுதினான்.

3.
ஞாயிறு மத்தியானம், ஒத்திகை.

“ரெண்டாவது கோர்ட் இன்வெர்ஷன். அடிச்சுரம் ச, நி, த எண்டு படியிறங்கும். கேக்கிற ஆளுக்கு நெஞ்சு உருகும்,” என்றான் மதீசன்.

வாசித்தார்கள். ஒன்றும் உருகவில்லை. கஜந்தி பழக்கப்படி அந்தந்தக் கோர்டின் மூலச் சுரத்தையே அடித்தாள்: ச, ப, த. நி வரவேண்டிய இடத்தில் ப.

“இன்வெர்ஷன் எங்க போச்சு?” என்றான்.

“நீர் மேல நிண்டு எதைத் தலைகீழாக்கினாலும் கீழ என்ன எண்டு சொல்லுறது நான். மாசக்கணக்கா யூடியூப் பாத்தனீர், பேஸ் வாசிக்க ஒருத்தி இருக்கிறாள் எண்டு அதில சொல்லேல்லையோ?”

(இங்கே மதீசன் இசைத் தத்துவம் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசினான். வெட்டிவிட்டேன். பேசியது நான்.)

“சொன்னவங்கள். கேக்கப் பயமா இருந்தது.”

“என்னத்தைக் கேக்க?”

“…நி அடிக்கச் சொல்லி.”

(சொல்ல வந்தது வேறு. வாய் நி-யில் நின்றுவிட்டது.)

“அதுக்கு இவ்வளவு காலமோ? உமக்கென்ன விசரே!”

இம்முறை நி அடித்தாள். பாட்டு படியிறங்கியது. மதீசனுக்குத் தன் வரிகளே மறந்துபோயின.

4.
முடிவுகள். ஒன்றில் அவள் ஹனோவர் போகவில்லை. யார் நம்புவார்கள், நல்ல வேலையாம். இன்னொன்றில் அவன் ரயில் மேடையில் பாடி வழியனுப்புகிறான். ரயில் தாமதம், பாட்டைப் பதினேழு தடவை பாட வேண்டியதாயிற்று, குளிரில் நின்று இருவருக்கும் தடிமன் பிடித்…

விடுங்கள்.

ஒத்திகைக்கே திரும்புவோம். கடைசிக் கோர்ட், அதே ச, க, ப. மதீசனின் கை மூன்று சுரத்தையும் பிடித்துவிட்டது. கஜந்தியின் விரல் ச-வுக்கும் க-வுக்கும் நடுவே நிற்கிறது.

“எதில முடிக்க?”

“நீர் சொல்லும்,” என்கிறான். அவன் வாழ்நாளில் பேசிய மிகச் சுருக்கமான இசைக் கருத்து அது.

ச என்றால் பாட்டு முடிந்தது. அவள் பெட்டி கட்டலாம். க என்றால் இன்னொரு வரி பாக்கி. அவன் வாய் திறந்தாக வேண்டும். நானும் மேலே நின்று பேசுகிற ஆள்தான், எனக்கு அதிகாரமில்லை. கம்பி, வாசிக்கிற உங்கள் விரலடியில் இருக்கிறது.

அழுத்துங்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.