ஆற வைத்த ரவை

நஸீரா மத்தைச் சுழற்றச் சுழற்ற, சட்டியிலிருந்த சிவப்பு ரவை பொங்காமல் அவள் சேலையில்தான் தெறித்தது.

"போதும் மைனி, போதும். காக்கா சொன்னத நம்பிக் கைவலிய வாங்காதீங்க," என்றாள் ஜுவைரியா. காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதும் கோவண்டியிலிருந்து வந்திருந்தாள்.

கட்டிலில் கிடந்த ஜெயினுலாப்தீன் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். கப்பல் சமையல்காரர். அவர் கதைகளில் பாதி பொய், மீதி பெரும்பொய் என்பது தாராவியில் அந்தச் சந்துக்கே தெரியும். அவருடைய மீன்குழம்பில் உப்பு குறைவென்று ஒரு திமிங்கிலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறது. பின்லாந்தில் கடல் உறைந்துபோக, அதன்மேல் நடந்தே கரைக்குப் போயிருக்கிறார். அங்கே துறைமுகக் கேன்டீனில் ஒரு அம்மா விஸ்பிபூரோ கொடுத்தாளாம். காட்டுப்பழச் சாற்றில் வெந்த ரவை. அடிக்க அடிக்க ஒரு சட்டி இரண்டு சட்டியாகும், நிறம் ரோஜாவாக வெளுக்கும், குளிர்ந்த பால் ஊற்றித் தின்ன வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டவள் நஸீரா. அவர் போவதற்குள் ஒரு கதையையாவது மெய்யென்று பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அந்த ஊர்ப் பழத்துக்கு எங்கே போவது? மாட்டுங்கா மார்க்கெட்டில் கரவந்தா என்று விற்கிற களாப்பழம் வாங்கி வேகவைத்து, வடிகட்டி, ரவையைக் கிண்டியிருந்தாள்.

"பொங்கலியேங்க."

"சூடா இருக்கா?"

"இப்பத்தான இறக்குனேன்."

"அட கூறுகெட்டவளே, ஆறட்டும். கொதிக்கக் கொதிக்க அடிச்சா யாருக்குத்தான் கோவம் வராது?"

ஜுவைரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நஸீரா சட்டியை மூடி ஃபேனுக்கு அடியில் வைத்தாள்.

"ஆறிருச்சா?" என்றார் சற்று நேரம் கழித்து.

"இன்னும் இல்ல."

மறுபடியும் கேட்டார். அதே பதிலைச் சொன்னாள். அடுத்த தடவை கேட்பாரென்று மத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்தது. பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கஞ்சியை யாரும் பெரிதாகக் குடிக்கவில்லை. வந்த பெண்கள் கலைந்ததும், நஸீரா சட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"மைனி, மவுத்தான வீட்லயா?"

"அடுப்பா மூட்டுறேன்? அடிக்கத்தான போறேன்."

முதலில் கெட்டியாக முரண்டு பிடித்தது. பிறகு மத்து லேசானது. கருஞ்சிவப்பு வெளுத்து, நுரைத்து, பாதிச் சட்டியிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது.

"அப்ப, அந்தக் கடல் மேல நடந்தது..." என்று ஆரம்பித்தாள் ஜுவைரியா.

நஸீரா மத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். ரோஜா நிறம் விளிம்பைத் தொட்டுவிட்டது.

ஜுவைரியா எழுந்து, பரணில் கைவிட்டு இன்னொரு சட்டியை எடுத்தாள்.