பத்து மணிக்கு வந்த இருவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெலுத்தோங் வீட்டில் இருந்தவர்கள் பின்வருமாறு: குடும்பத் தலைவரும், அலுவலக எழுத்தர்களுக்குத் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவருமான பரமநாதன், அவர் மனைவி புஷ்பராணி, மகன் நிருபன், மகள் பிரியந்தி, வெளியிலிருந்து வந்த ஆண்கள் இருவர். அடுத்த வீட்டு சலேஹா சமையலறைப் பின்வாசல் வரை வந்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஆகவே அவரை இருந்தவர் என்று சொல்ல முடியாது. வேறு யாரும் இல்லை. நானும் இருந்தேன் என்று இப்போது சொல்லித் திரிகிறவர்களை அன்று அந்தத் தெருவிலேயே காணோம்.

காரியம் சிறியதன்று. பிரியந்திக்குப் பேசியிருந்த பையன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தான். அவள் அவனோடு இரண்டு முறை பேசியிருந்தாள். மூன்றாவது முறையும் பேச விரும்பினாள். அதற்குமேல் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்பதைத் தாய் கவனித்திருந்தார். பையனின் தாய் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டார்: "ஞாயிறு பத்து மணிக்கு எங்க அண்ணன் பாலிக் புலாவிலேருந்து வருவார். அவர் சரின்னா சரி. இல்லைன்னா தப்பா நினைக்காதீங்க."

அண்ணனின் பெயர் என்ன, என்ன வேலை, ஆள் எப்படியிருப்பார் என்று பரமநாதன் ஒன்றும் கேட்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் வழக்கமில்லை. வாசலேறி வந்தவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் பெயரையும் வந்த காரியத்தையும் கேட்க வேண்டும். அந்தப் பலகாரத்தையும் வீட்டுக்காரர் தம் கையாலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும். ரயில்வேயில் கிராணியாக இருந்த பாட்டனார் காலத்திலிருந்து இதில் பிசகு வந்ததில்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. முப்பத்தாறு வருடம் அலுவலக முகப்பில் உட்கார்ந்திருந்தவர் பரமநாதன். வருகிற ஆளின் சப்பாத்தைப் பார்த்தே அவன் எந்த மனுவோடு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவார். தொண்ணூறு விழுக்காடு சரியாக இருக்கும் என்று அவரே சொல்வார்.

அன்று பார்த்துக் காலை எட்டு மணிக்குச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சலேஹா தைரியம் சொன்னார். "கவலைப்படாதீங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச பைப்பு ஆளு இருக்காரு. இப்பவே அனுப்பச் சொல்றேன் லா."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் முதல் ஆள் வந்தார். கறுப்புக் கோட்டு, நீல டை, முகம் தெரியும் அளவுக்கு மினுக்கிய சப்பாத்து, கையில் தோல் பெட்டி. பரமநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது. தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"வணக்கம் சார். நான் எதுக்கு வந்தேன்னா..."

"அதெல்லாம் பிறகு. முதல்ல வாங்கோ, இருங்கோ."

அவரைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் வடைத் தட்டோடு திரும்பியபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தட்டோடு எட்டிப் பார்த்தார். சாயம்போன டீ சட்டையும் சேறு அப்பிய ரப்பர் செருப்புமாக, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

"பைப்புக்குத்தானே? பின்பக்கமா போங்கோ தம்பி. தொட்டி அடைச்சிருக்கு. சத்தம் வேண்டாம், வீட்ல பெரிய மனுஷர் வந்திருக்கிறார்."

வந்தவர் வடைத் தட்டைப் பார்த்தார். சன்னல் வழியாக உள்ளே இருந்த கோட்டுக்காரரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "பைப்பா? சரி" என்று பின்பக்கம் போனார்.

கூடத்தில் பேச்சு சிறப்பாக நடந்தது. பேசியவர் பரமநாதன். பாட்டனார் கப்பலேறி வந்தது, தகப்பனாரின் ஆங்கிலக் கையெழுத்தைப் பார்த்து வெள்ளைக்காரத் துரை எழுந்து நின்றது எல்லாவற்றையும் சொன்னார். கோட்டுக்காரர் தலையாட்டியபடி வடைகளைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"ஈப்போ சார்."

"அது சரி. அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியும் ஈப்போதான் சார்."

அடக்கமான மனிதர் என்று பரமநாதன் மெச்சிக்கொண்டார். நிருபன் காதருகே குனிந்தான். "அப்பா, இவர் பேரைக் கேட்டீங்களா?"

"பேசாம போய்க் காப்பி எடுத்துட்டு வா."

காப்பி முடிந்தது. இனிக் கேட்கலாம் என்று பரமநாதன் தொண்டையைச் செருமுவதற்குள் விருந்தினர் பெட்டியைத் திறந்தார். ஜாதகம் இல்லை. வெள்ளை நிறத்தில் ஒரு குழாய் இருந்தது.

"என் பேரு வாசு சார். வாட்டர் ஃபில்டர் கம்பெனி. சார் வீட்டுத் தண்ணி எப்படி, மஞ்சளா வருதா?"

பரமநாதன் குழாயையும் கோட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். அதே நேரம் பின்வாசலில் சலேஹாவின் குரல் கேட்டது. "அண்ணே, மன்னிச்சுக்குங்க. பைப்பு ஆளு இன்னிக்கி வரமாட்டாராம். நாளைக்குத்தானாம் லா."

அப்படியானால் சமையலறையில் இருப்பது யார்?

பரமநாதன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேட்டி தடுக்க உள்ளே போனார். தொட்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, டார்ச் விளக்கைப் பிடித்தபடி பிரியந்தி குந்தியிருந்தாள்.

"ஐயோ அங்கிள், அந்தப் பக்கம் இல்ல. நீங்க தப்பா திருப்புறீங்க!"

"அட, ஆமா."

தொட்டி பெரிய ஏப்பம் விட்டது. தண்ணீர் இறங்கியது. அந்த மனிதர் ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூவோடு வெளியே வந்து, கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

பரமநாதன் தவித்துப்போனார். யார் என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் மனிதர் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வடை. அதை நீட்டினார்.

"ஒரு வாய் சாப்பிடுங்கோ."

அவர் கடித்து, மென்று, விழுங்கும் வரை பரமநாதன் காத்திருந்தார். அந்த நிலையிலும் வழக்கம் வழக்கம்தான்.

"இப்ப சொல்லுங்கோ. ஐயா யாரு?"

"குலசிங்கம். பையனோட தாய்மாமன். ஞாயித்துக்கிழமைல்ல, அந்த மலை ரோட்டுல ஒரே ஜாம். காரை விட்டுட்டு மோட்டார்லயே வந்துட்டேன். வர்ற வழியில தோட்டத்துல இறங்கினது தப்பாப் போச்சு, ஒரே சேறு."

டார்ச் விளக்கு பிரியந்தியின் கையிலிருந்து விழுந்தது.

"வாசல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றார் பரமநாதன்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க வடைத் தட்டோட ஓடி வந்தீங்க. சமையலுக்கு வந்தவர்னு நினைச்சிட்டேன். வீட்டுக்காரர் உள்ள கோட்டு போட்டு உக்காந்திருந்தாரே! சமையல்காரர்கிட்ட போய் நான்தான் மாப்பிள்ளை மாமான்னா, பாவம், பதறிப் போயிடுவாரேன்னு பார்த்தேன்."

மூன்று தலைமுறைக் கிராணிக் குடும்பம் அது. பரமநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

புஷ்பராணிதான் முதலில் சிரித்தார். "சமையல்காரரா? இவரா? இத்தனை வருஷத்துல ஒரு தேத்தண்ணி போட்டதில்ல!" அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குலசிங்கமும் சேர்ந்துகொண்டார். பிரியந்தி மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பயமா?"

"உங்களைத் தப்பா திருப்புறீங்கன்னு சொல்லிட்டேன், அங்கிள்."

"தப்பாத்தானே திருப்பினேன். எங்க பையன் இருக்கானே, எதையும் தப்பாத்தான் திருப்புவான். சொல்ல வீட்ல ஒரு ஆள் வேணும் லா." சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். "தங்கச்சி, நான்தான். எனக்குச் சரி. ஆமா, வீட்டுக்காரரைப் பார்த்தாச்சு. நல்லா வடை கொடுக்கிறார்."

கல்யாணம் தை மாதத்துக்குக் குறித்தாயிற்று.

மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பரமநாதன் கழிவறை கழுவ வைத்தார் என்று ஜெலுத்தோங் சந்தையில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். அடைத்திருந்தது சமையலறைத் தொட்டி மட்டுமே.