சந்துப் பக்கம் திரும்பிய குழாய்

ஊரார் 'கேக்குதா ஐயா' என்று அழைத்த ஊழியரிடம் இருந்தது ஒரே ஒரு பிரசங்கம். சனிக்கிழமை சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள முச்சந்தியில் நின்று, மைக்கைக் கையில் வாங்கி, "கேக்குதா?" என்பார். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவர், டீ ஆறிவிடப் போகிறதே என்ற கவலையில், "கேக்குது, கேக்குது" என்று குரல் கொடுப்பார். "காது மந்தமான உங்களுக்கே கேக்குதுன்னா ஆண்டவருக்குக் கேக்காதா?" என்பார் ஐயா. அவ்வளவுதான், பிரசங்கம் முடிந்தது. அதற்கு மேல் அவர் பேசியதெல்லாம் உதாரணம். உதாரணங்களும் ஊருக்கு மனப்பாடம். தொட்டிலில் குழந்தை முனகினால் அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்கிற உதாரணத்துக்கு அவர் வந்துவிட்டால், மார்க்கெட் பஸ் வரப்போகிறது என்று ஜனங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள்.

இறையியல் படித்த போதகர்கள் அவரை "எளிமையான ஊழியர்" என்பார்கள். சொல்கிற தொனியில் பாராட்டு பாதி, அனுதாபம் பாதி இருக்கும். ஐயா முழுவதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுவார்.

அவருக்கு வாராவாரம் மைக் செட் போட்டவர்தான் மைக்காரர். கடவுள் விஷயத்தில் மைக்காரர் நடுநிலை வகித்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கண் சிகிச்சை முகாம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே ஆம்ப்ளிஃபயர். உண்மை பேசுகிறவரையும் புளுகுகிறவரையும் ஒரே தெளிவோடு கேட்க வைப்பதுதான் தொழில் தர்மம் என்பது அவர் கொள்கை.

ஐயாவிடம் அவருக்கு இருந்த ஒரே தகராறு, மைக் டெஸ்டிங். உலகத்தில் மற்றவர்கள் மைக்கை ஊதிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், ஒன்று இரண்டு மூன்று என்பார்கள். ஐயா ஜெபம் பண்ணிப் பார்த்தார். அதுவும் மைக்காரருக்காக.

"ஆண்டவரே, மைக்காரருக்குக் கடைவாய்ப் பல்லு வலிக்குது. பிடுங்கப் பயப்படுறாரு. தைரியம் தாரும்," என்று கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் முழங்கும். குனிந்து குமிழைத் திருகிக்கொண்டிருக்கும் மைக்காரர், தன் பல்லின் நிலவரத்தைத் தன் கையாலேயே ஊருக்கு ஒலிபரப்பிக்கொண்டிருப்பார். அடுத்த வாரம், பையன் காலேஜில் வைத்திருக்கும் அரியர். அதற்கும் அடுத்த வாரம், வீட்டில் அவரும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது.

"ஐயா, டெஸ்டிங்னா ஒன்னு ரெண்டு மூணு சொன்னாப் போதும்," என்று கெஞ்சிப் பார்த்தார்.

"ஒன்னு ரெண்டு மூணுக்கு என்ன கஷ்டம் தம்பி? அதுங்க நல்லாத்தான் இருக்கு. நீங்கதானே கஷ்டப்படுறீங்க."

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பஞ்சாயத்து. "நம்ம சண்டை பஸ் கண்டக்டர் வரைக்கும் போயிருச்சு. டிக்கெட் கிழிக்கும்போது 'இன்னும் பேசலையாம்மா'ன்னு கேக்குறாரு," என்றார் மனைவி. அதைச் சொல்வதற்காக அவர் பேசியாகவேண்டி வந்துவிட்டது என்பதை இருவரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தார்கள்.

இந்த மாதிரிச் சில்லறைக் கஷ்டங்கள் வந்தன, போயின. போகாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்த கஷ்டம் ஒன்று உண்டு. அது அண்ணன்.

மைக்காரரின் அண்ணன் தச்சர். முச்சந்தியிலிருந்து பிரிகிற சந்துக்குள் அவருடைய பட்டறை. தம்பியின் ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் அண்ணன் இழைத்து, பூட்டி, வார்னிஷ் அடித்துக் கொடுத்தவை. அண்ணன் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை மைக்கை வாங்கிச் சம்மதம் சொல்ல வாயைத் திறந்த அந்த நொடியில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. மாப்பிள்ளை சம்மதித்தாரா, மறுத்தாரா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அண்ணன் நேராக வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"சொந்த வீட்டு விசேஷத்துலயே மானத்தை வாங்கிட்டியேடா. இந்த ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

தம்பி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "கத்துனது பெட்டி. பெட்டி செஞ்சது யாரு?" என்றார், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னிலையிலும்.

அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றது. அந்தக் கல்யாணத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை வளர்ந்து பள்ளிப் பேச்சுப்போட்டியில் மைக் பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டது. இவர்கள் இன்னும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தையும் மற்றவர் சாக்கடையையும் பார்த்துக்கொண்டு போனார்கள். முன்னால் வைக்கிற பெரிய பெட்டி மட்டும் சில வருஷமாகக் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. வேறொரு தச்சர் கையில் அதைக் கொடுக்க மைக்காரருக்கு ஏனோ மனசு வரவில்லை.

இந்தச் சண்டை ஐயாவின் டெஸ்டிங்கில் நிரந்தர இடம் பிடித்தது. பல்லும் அரியரும் மாறி மாறி வரும். கடைசி வரி மாறாது. "மைக்காரரையும் தச்சரையும் பேச வையும் ஆண்டவரே." அதோடு ஒரு குழாயைச் சந்துப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்வார்.

"அங்க ஒரு ஆளும் நிக்கல ஐயா. ஆண்டவர் என்ன அந்தப் பக்கமாவா இருக்காரு?"

"ஆண்டவருக்கு மைக் எதுக்கு தம்பி? அவருக்கு நல்லாவே கேக்கும். அது உங்க அண்ணனுக்கு."

மைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கட்டினார். குழாய் முழங்கும்போதெல்லாம் சந்துக்குள்ளிருந்து வழக்கத்தைவிட உரக்கச் சுத்தியல் சத்தம் வரும். அதுதான் அண்ணனின் பதில்.

ஒருமுறை ஐயா பேச ஆரம்பித்ததும் கரண்ட் போயிற்று. "கரண்ட் இல்லை ஐயா," என்று மைக்காரர் கையைப் பிசைந்தார். "அவருக்கு இருக்கே," என்று சொல்லிவிட்டு, ஐயா செத்த மைக்கையே வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கடைசி உதாரணம் வரைக்கும் பேசினார். கேட்டது மைக்காரர் ஒருவருக்குத்தான்.

இன்னொரு முறை, மைக்காரரின் மனைவிக்கு ஆபரேஷன். மத்தியான வெயிலில் நடந்து வந்த ஐயா, ஆஸ்பத்திரி தாழ்வாரத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது ஒரு நீண்ட ஜெபம் வரப்போகிறது, நர்ஸ் வந்து திட்டப்போகிறார் என்று மைக்காரர் பயந்தார். ஐயா கண்ணை மூடி, "கேக்குதா ஆண்டவரே," என்றார். சற்றுப் பொறுத்து, "கேக்குதாம் தம்பி," என்றார். பிறகு சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். மைக்காரர் அந்தத் திறந்த வாயைப் பார்த்தபடியே இருந்தார். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் நம்பிக்கையைப் பற்றிப் பேசி அவர் கேட்டிருக்கிறார். நம்பிக்கை குறட்டை விட்டு அன்றைக்குத்தான் பார்த்தார். உள்ளே போன மனைவி நல்லபடியாக வெளியே வந்தபோதும் ஐயா எழுந்திருக்கவில்லை. எழுப்பிச் சொன்னதும், "அப்பவே சொன்னேனே," என்று செருப்பைத் தேடினார்.

அந்த ஐயா ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் போட்டுக்கொள்ளவேண்டிய சட்டையைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

சபையார் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். சுவரெங்கும் சுவரொட்டி. ஐயாவின் படத்துக்குக் கீழே, "இவர் செய்த ஜெபங்கள் அனைத்தும் கேட்கப்பட்டன" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். சலூன்காரர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடி வழியாக மைக்காரரைப் பார்த்தார்.

"அனைத்தும்னு போட்டிருக்கான். உன் கேஸ் என்னாச்சு?"

"தலையைப் பார்த்து வெட்டு."

"இல்ல, கேக்குறேன். ஊருக்கே தெரிஞ்ச ஜெபம் அது ஒன்னுதான். அதுவே நடக்கலைன்னா மத்ததெல்லாம் நடந்துச்சுன்னு எவன் நம்புவான்? ஐயா பேரைக் கெடுக்கவே பொறந்திருக்கீங்கப்பா, அண்ணனும் தம்பியும்."

சலூன்காரருக்கு அது விளையாட்டுப் பேச்சு. மைக்காரருக்கு அது துண்டோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நாளைக்குக் கூட்டத்தில் மேடையேறுகிறவர்கள் ஆளாளுக்கு ஐயாவின் நம்பிக்கையைப் புகழ்வார்கள். அத்தனை புகழுக்கும் எதிர்ச்சாட்சியாக ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். ஆண்டவருக்குக் கேட்காமல் போனது என்று அவர் மனதாரச் சொல்லவும் முடியவில்லை. கேட்காதவர்கள் யார் என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைச் சபை மண்டபத்தில், புதுச் சவுண்ட் சிஸ்டத்தில் நடத்தவேண்டும் என்று செயலாளர் ஆசைப்பட்டார். ஐயா வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவரே மைக்காரரின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"முச்சந்தியிலதான் வைக்கணும் தம்பி. நீங்கதான் போடணும். குழாயெல்லாம் எப்பவும் கட்டுற மாதிரியே கட்டிருங்க."

"சந்துப் பக்கம்கூடவாம்மா?"

"அதைத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை சாயங்காலம் முச்சந்தி நிறைந்துவிட்டது. மார்க்கெட் பஸ் வந்து நின்றது; யாரும் ஏறாததால் கண்டக்டரும் இறங்கி வந்து நின்றுகொண்டார். மைக்காரர் பெட்டியை வைத்து, ஒயரை இழுத்து, குழாயைச் சந்துப் பக்கம் திருப்பிக் கட்டினார்.

"அந்தப் பக்கம் யாரும் இல்லையே. முன்னாடி திருப்புங்க," என்றார் செயலாளர்.

"அது அப்படித்தான் சார்."

"சரி, டெஸ்ட் பண்ணுங்க. நேரமாச்சு."

மைக்காரர் மைக்கை எடுத்தார். இத்தனை வருஷத்தில் இந்த முச்சந்தியில் அவர் டெஸ்டிங் செய்ததே இல்லை. ஊதப் போனார், ஐயாவின் மைக்கை ஊதுவது அவர் முகத்தில் ஊதுவது போல இருந்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கப் பார்த்தார். 'அதுங்க நல்லாத்தான் இருக்கு' என்ற ஐயாவின் குரல் வந்து நாக்கைப் பிடித்தது. ஜெபம் செய்யவோ அவருக்குத் தெரியாது. கூட்டம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. ஐயா வீட்டம்மா முன் வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேக்குதா?" என்றார் மைக்காரர். பெட்டி கர்ரென்றது.

டீக்கடையிலிருந்துகூட யாரும் பதில் சொல்லவில்லை. மைக்காரர் எச்சிலை விழுங்கினார். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணே," என்றார். "உன்னைத்தான். பெட்டி கர்ருங்குது. ஐயா கூட்டம். வந்து கொஞ்சம் பாரேன்."

சுத்தியல் சத்தம் நின்றது. அது அதுவரை அடித்துக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சந்தின் வாயையே எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் தச்சர் வந்தார். முடியெல்லாம் மரத்தூள். கையில் திருப்புளி.

"கேக்குது, கேக்குது," என்றார். "வருஷக்கணக்கா சன்னலுக்கு நேரா வெச்சுக் கத்துனா கேக்காம என்ன பண்ணும்? சத்தத்தைக் குறை முதல்ல."

யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியிடம் போய்ப் பின்பக்கம் உட்கார்ந்தார். மைக்காரரும் மைக்கோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பின்பலகை ஸ்க்ரூ லூசு. எவன்டா மாட்டுனது?"

"நீதான்."

"நான் மாட்டுனா லூசாகாது. நீ வண்டியில குப்புறப் போட்டு ஏத்துவ. அதான்."

"குப்புறப் போடாம மடியில வெச்சுக் கொஞ்சச் சொல்றியா? அன்னைக்கே பலகை மெல்லிசா இருக்குன்னு சொன்னேன்."

"அன்னைக்குக் கத்துனது பலகை இல்ல. ஸ்பீக்கருக்கு முன்னாடி மைக்கை நீட்டுனா கத்தாம பாடுமா?"

"மைக்கை நீட்டுனது நானா? உன் மாப்பிள்ளை."

"என் மாப்பிள்ளையை இழுக்காதே."

இவ்வளவும் எல்லாக் குழாய்களிலும் கணீரென்று போய்க்கொண்டிருந்தது. மைக் ஆனில் இருக்கிறது என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். செயலாளர் பதறிப்போய் அணைக்க எழுந்தார். ஐயா வீட்டம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்க தம்பி, பேசட்டும்."

"அம்மா, சண்டை போடுறாங்க. நினைவுக் கூட்டத்துல..."

"பேச வையும்னுதானே அவர் ஜெபம் பண்ணினாரு. சமாதானமாப் பேச வையும்னு ஒரு நாளும் சொல்லலையே." அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "எனக்கும் அவருக்கும் நடக்காத சண்டையா? தினமும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்."

கூட்டத்தின் பின்வரிசையில் சலூன்காரர் மட்டும் சுவரொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்க்ரூ ஏறியது. கர்ர் நின்றது. செயலாளர் எழுதிக்கொண்டு வந்த உரை தெளிவாகவும் நீளமாகவும் கேட்டது. அதில் ஐயாவைப் பற்றிச் சொன்னவை இப்போது யாருக்கும் நினைவில்லை. தச்சர் பட்டறைக்குத் திரும்பவில்லை. பெட்டி மறுபடி கர்ரென்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அதன் மேல் ஒரு கையை வைத்தபடி கடைசிவரை நின்றார்.

கூட்டம் கலைந்ததும் தம்பி ஒயரைச் சுற்ற, அண்ணன் மறுமுனையைப் பிடித்தார். சந்துக்குள் நுழையப் போனவர் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த வாட்டி அந்தக் குழாயை வேற பக்கம் திருப்பிக் கட்டு. காது கிழியுது."

"முடியாது."

தச்சர் திருப்புளியைக் காதில் செருகப் போய், அது பென்சில் இல்லை என்று தெரிந்து பைக்குள் போட்டார்.

"சரி, இருக்கட்டும். வீட்டுக்கு எப்ப வர்ற?"