முந்நூற்று எண்பது வரை

திங்கட்கிழமை காலையில் மருத்துவமனைகளிலிருந்து பட்டியல் வந்துவிடும். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே கணினியைத் திறந்து கடைசி வரியைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். அந்த வாரம் முந்நூற்று முப்பத்தொன்று. அதுவரை இறந்தவர்களின் எண்ணிக்கை.

புற்றுநோய் மருந்து தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் புள்ளியியல் துறைக்கு அவள்தான் தலைவி. நுரையீரல் புற்று கண்ட அறுநூறு பேர். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழையது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முந்நூற்று எண்பது பேர் இறந்த பிறகே அந்த ரகசியத்தைத் திறந்து பார்ப்பது என்று ஐந்து வருடங்களுக்கு முன் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். எண் ஏற வேண்டும் என்று காத்திருப்பது அவளுக்குப் பழகவே இல்லை. யார் எதற்கு அவசரப்பட்டாலும் "பொறுங்க" என்பாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் 'பொறுங்கம்மா' என்றே பெயர்.

நிறுவனத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. கணித்த தேதி தாண்டி ஏழு மாதம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"எப்ப மேடம் முடியும் இது?"

"ஆளுங்க நாம நினைச்ச வேகத்துல சாகலை சார். அதான் தாமதம்."

யாரோ சிரிக்கப் போய் இருமிச் சமாளித்தார்கள்.

"அப்ப மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? இப்பவே திறந்து பார்த்துடுவோம்."

"பழைய மருந்துலயே இப்பல்லாம் கூடுதலா இருக்காங்களோ என்னவோ. நினைச்ச நேரத்துல திறந்தா, அப்புறம் நாம என்ன சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற ஒருத்தர் போடுவாங்க."

"தாராளமா. என் ராஜினாமா கடிதத்தையும் அவங்களையே வாங்கிக்கச் சொல்லுங்க."

வீட்டில் கணவன் கேட்டான்: "வேலை போச்சா?"

"இன்னும் போகலை."

"போனா போகட்டும். சமையலாவது கத்துக்கோ."

சிரித்தாள். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது கை நின்றுவிட்டது. மருந்தில் ஒன்றுமே இல்லை என்று வந்தால்? இத்தனை பேரையும் காக்க வைத்தது எதற்காக? வேறொருவரைத் தேடும் பேச்சு இரண்டு வாரம் நடந்தது. தேடி வந்த இரண்டு நிபுணர்களும் அவள் சொன்னதையே சொல்லிவிட்டுப் போனார்கள்.

எண் முந்நூற்று எண்பதைத் தொட மேலும் எட்டு மாதம் ஆனது.

திறக்கும் நாளன்று காலை பத்து மணி. கணக்கை இருவர், தனித்தனி அறையில், ஒருவரையொருவர் கேட்காமல் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முதல் அறையிலிருந்து மீசைக்காரர் வந்தார். முப்பது வருடமாகக் கணினி நிரல் எழுதுகிறவர், எதற்கும் முகம் மாறாதவர். ஒற்றைத் தாளை நீட்டினார்.

"அடுத்த ரூம்லயும் இதேதான் மேடம். கடைசிப் புள்ளி வரைக்கும்."

தாளில் இரண்டு கோடுகள், மாதம் போகப் போக ஒவ்வொரு மருந்திலும் எத்தனை பேர் உயிரோடு மீதம் என்று. முதல் நான்கு மாதம் ஒட்டிக்கொண்டே வந்தன. ஐந்தாவது மாதத்தில் மேல்கோடு லேசாக விலகியது, விலகியது, பிறகு சேரவே இல்லை. பழைய மருந்தில் பாதிப் பேர் பதினோரு மாதம் தாண்டவில்லை, புதியதிலோ பாதிப் பேர் பத்தொன்பது மாதம் தாண்டியிருந்தார்கள். அவள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து, "அப்பாடா!" என்று கத்தியே விட்டாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு துறையே எழுந்து நின்றது. மீசைக்காரர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

நிறுவனத் தலைவர் படியேறி ஓடி வந்தார். தாளை இரண்டு முறை பார்த்தார்.

"அன்னைக்கே திறந்திருந்தா இது தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்கும் சார். நமக்கு மட்டும்."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு, "நீங்க சொல்லுங்க மேடம். முதல்ல என்ன செய்யணும்?" என்றார்.

"பழைய மருந்துல இன்னும் எண்பத்தி நாலு பேர் உயிரோட இருக்காங்க. புது மருந்துக்கு மாத்தலாம்னு அவங்க டாக்டர்களுக்கு இன்னைக்கே கடிதம் போகணும்."

மீசைக்காரர் அந்தப் பட்டியலைத் திரையில் விரித்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் எண்கள். அவள் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் நின்று, முதல் எண்ணின்மேல் விரலை வைத்தாள்.