ஆர்டகன் பெட்டி

ஆர்டகன் பெட்டியைக் கவிழ்த்தபோது மேஜைமேல் சத்தமே கேட்கவில்லை. மற்ற ஊர்ப் பெட்டிகளிலிருந்து ஓட்டுச் சீட்டு விழும்போது சருகைக் கொட்டுவது போல ஒரு சலசலப்பு எழும். இதில் ஒரு கைப்பிடிதான் இருந்தது. எண்ணுகிற பெண் பெட்டியை இன்னொரு முறை உதறிப் பார்த்தாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மேஜையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இப்புறம் என்னருகே நின்றிருந்த ரோனா மட்டும் சிரிக்கவில்லை. அது அவள் பிறந்த ஊர்.

கார்விஷயர் தொகுதியில் எப்போதும் மறுநாள் காலையில்தான் எண்ணுவார்கள். தீவுகளிலிருந்து பெட்டிகள் படகில் வந்து சேரவேண்டுமே. முதலில் எந்தப் பெட்டியில் எத்தனை சீட்டு என்று சரிபார்ப்பார்கள். பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கட்சிவாரியாகப் பிரிப்பார்கள். அந்தச் சரிபார்க்கிற நேரத்தில் சீட்டு விரியும்போது பெருக்கல் குறி யார் பெயருக்கு நேரே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வது என்னைப் போன்ற ஏஜென்ட்டுகளின் வேலை. பெரிய ஊர்ப் பெட்டியில் ஏதோ ஒரு குத்துமதிப்புக் கிடைக்கும். ஆர்டகன் போல நாலு வீடும் ஒரு ஜமீன் எஸ்டேட்டும் இருக்கிற ஊரில் ரகசிய ஓட்டு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

எல்லாச் சீட்டும் விரிந்து முடிந்தது. எஸ்டேட் ஆட்கள் வழக்கம்போல கன்சர்வேட்டிவ். ஒன்றிரண்டு தேசியக் கட்சிக்கு. எங்கள் லிபரல் வேட்பாளர் ரோனா மக்காஸ்கிலுக்கு ஒன்றுகூட இல்லை. நான் பார்க்கத் தவறியிருப்பேன் என்று சொல்ல ஆசைப்பட்டேன். சொல்லவில்லை. அவளும் என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ," என்றாள்.

அவளுடைய அப்பா லாக்லனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நேற்று நாள் முழுக்க அவர் படகில் இருந்தார்.

இதைப் புரிந்துகொள்ள ஐம்பதாம் வருஷத்துப் பிப்ரவரித் தேர்தலுக்குப் போகவேண்டும். அன்றைக்கு முழங்கால் அளவு பனி. லாக்லன் கடற்கரைப் பாதை வழியாக ஓட்டுப்போடப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தார். மலைப்பாதை வழியாக எஸ்டேட்டின் வேட்டைக் காவலர் டூகல் வந்துகொண்டிருந்தார். பாலத்தருகே இருவரும் எதிர்ப்பட்டார்கள். லாக்லன் குடும்பம், குத்தகைக்காரனை நிலத்திலிருந்து துரத்த முடியாது என்று சட்டம் வந்த காலத்திலிருந்தே லிபரல். டூகல் குடும்பம் எஸ்டேட் சோறு தின்ற காலத்திலிருந்தே கன்சர்வேட்டிவ். "நீ போட்டு நான் போட்டா ரெண்டும் கழிஞ்சு பூஜ்யம்தானேடா, இதுக்கு எதுக்கு நாம கெடந்து சாவணும்?" என்று டூகல் கேட்டாராம். இருவரும் கைகுலுக்கிவிட்டு அப்படியே திரும்பிப்போய் லாக்லன் வீட்டு அடுப்பங்கரையில் விஸ்கி குடித்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஜோடி போடுவது என்று பேர். பல ஊரிலும் உண்டு. ஆனால் இவர்களைப் போல யாரும் அதைக் கட்டிக்கொண்டு அழுததில்லை.

அடுத்த தேர்தலிலிருந்து, யாரும் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று, ஓட்டு நாளன்று விடியும்போதே ஒரே படகில் கடற்கழிக்குள் போய்விடுவார்கள். ஓட்டுச்சாவடி மூடுகிற நேரம் தாண்டித்தான் கரைக்கு வருவார்கள். கானாங்கெளுத்தி கிடைக்கும், சில தேர்தலில் அதுவும் கிடைக்காது. கார்விஷயரை முதலில் ஜமீன் வீட்டு மகன்களும் மருமகன்களும் மாறி மாறி ஆண்டார்கள். பிறகு லிபரல், பிறகு முப்பது வருஷம் கன்சர்வேட்டிவ். அறுபத்து நாலில் எங்கள் கட்சி ஜெயித்தபோது லாக்லன் படகிலிருந்தே ஜெயித்தார். எழுபதில் தோற்றபோது படகிலிருந்தே தோற்றார். அவர் மனைவி உயிரோடு இருந்தவரை ஆர்டகன் பெட்டியில் ஒரு லிபரல் ஓட்டு இருந்தது. அந்த அம்மாள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டுத் தனியாக நடந்துபோய்ப் போட்டு வருவார்.

ரோனா மாட்டு வைத்தியர், வீடும் ஓட்டும் டவுனில். இந்த மாவட்டத்தில் அவள் கை நுழையாத தொழுவம் இல்லை. எழுபத்தொன்பதில் அவளை நிறுத்தினால் ஜெயிக்கலாம் என்று கட்சியில் முதலில் சொன்னது நான்தான். அப்பாவும் டூகலும் இந்த முறையும் படகில் போவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். தேர்தலுக்கு முந்தின வாரம் லாக்லனைக் கேட்டேன்.

"இந்தத் தடவை டூகல்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னத்தச் சொல்றது?"

"உங்க மக நிக்கிறா. ஒரு நாள் விட்டுக்குடுன்னு."

அவர் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "அவன் விட்டுக்குடுத்தா நான் அவன்கிட்டக் கடன்பட்டவனா ஆயிருவேன். அவனா சொல்லட்டும்."

அவர் கேட்க மாட்டார், டூகல் தானாகச் சொல்ல மாட்டார். எங்கள் ஊர் ஆண்களுக்கு வாய் திறப்பதை விட உயிரைக் கொடுப்பது சுலபம். நானாவது டூகலிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்தவர் வீட்டு ஜோடியில் தலையிடுவது இங்கே வழக்கமில்லை.

எண்ணி முடிந்தபோது இருநூறு சொச்சம் ஓட்டில் ரோனா தோற்றாள். மேடையில் ஜெயித்தவருக்குக் கைகொடுத்தாள், நன்றி சொன்னாள், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றினாள். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை ஆர்டகனுக்கு விட்டாள்.

லாக்லன் வாசலிலேயே நின்றிருந்தார். ரேடியோவில் கேட்டிருப்பார். முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் அதன் அடியில் ஒரு பெருமிதமும் இருந்தது. அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"போவுது விடும்மா. நான் என்னால ஆனதச் செஞ்சேன். அந்த டூகல் பய நேத்து டை கட்டிக்கிட்டு வந்தான் தெரியுமா? மழைக்கோட்டுக்குள்ள டை. நல்ல ஷூ வேற. நைசா நழுவிப் போயி உனக்கு எதிரா போட்டுட்டு வரலாம்னு பாத்தான். நான் விடுவேனா? கழி வாய் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன். 'திரும்பலாமே, குளுருது'ன்னு ரெண்டு தடவை சொன்னான். காதுலயே வாங்கல."

ரோனா கையுறையைக் கழற்றவில்லை. "ஆர்டகன்ல எனக்கு எத்தன ஓட்டு தெரியுமாப்பா?"

"அது..."

"ஒண்ணும் இல்ல. எல்லார் முன்னாலயும் கொட்டினாங்க."

"என் ஓட்டும் அவன் ஓட்டும் சேந்தா பூஜ்யம்தானேம்மா. கணக்கு ஒண்ணுதானே."

"கணக்கு ஒண்ணுதான்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போட்டிருந்தாலும் நான் தோத்துத்தான் இருப்பேன். ஆனா அந்த மேஜையில எனக்குன்னு ஒரு சீட்டு கெடந்திருக்கும். எங்க அப்பா சீட்டுன்னு நான் அதப் பாத்திருப்பேன்."

 உள்ளே கெட்டில் கொதித்துக் கொதித்து அடங்கியது. அவள் உட்காரக்கூட இல்லை. அடுத்த வருஷம் நியூசிலாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு ஒரு அட்டை வரும், ஆடுகள் படம் போட்டது. அவ்வளவுதான்.

ரோனா அடுத்த முறை நின்றிருந்தால் ஜெயித்திருப்பாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை. எல்லையைத் திருத்தி எழுதியவர்கள் கார்விஷயரை எடுத்துப் பக்கத்துப் பெரிய தொகுதியோடு ஒட்டிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நாங்கள் சண்டைபோட்ட அந்தப் பெயர், புதிய தொகுதியின் பெயரில் வால் அளவுக்குக்கூட மிஞ்சவில்லை. ஆர்டகன் பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகள் இல்லை என்று மூடினார்கள்.

எண்பத்து மூன்றில், புதிய தொகுதியின் முதல் தேர்தல் அறிவித்த சமயத்தில், டூகல் இறந்துபோனார். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது தலைமாட்டுக் கயிற்றை மகன் பிடிப்பது வழக்கம், மகன் இல்லாததால் லாக்லன் பிடித்தார். பிறகு டூகலின் வீட்டில் தேநீரும் ரொட்டியும். எல்லாரும் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். டூகலின் தங்கை ஐனா, அண்ணனுக்குக் கடைசிவரை சமைத்துப் போட்டவள், லாக்லனின் கோப்பையில் விஸ்கி ஊற்றிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் லாக்லன். ரோனா நின்னப்ப, எங்க அண்ணன டை எல்லாம் கட்டி அனுப்பினேனே. ஏன் அவன ஓட்டுப்போட விடல?"

"எதிரா போடுறவன எப்படி விடுறது?"

"எதிராவா?" ஐனா பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். "ரோனாவுக்குப் போடத்தான் டை கட்டினான். 'நம்ம கையில வளந்த பொண்ணு, எஸ்டேட் என்னமும் சொல்லிட்டுப் போவுது'ன்னான். முந்தின நாளே என்னை டையை இஸ்திரி போடச் சொன்னான். நீங்க ஒரு வார்த்தை கேட்டா சேந்து போலாம்னு காலையிலேருந்து காத்துக்கிட்டே இருந்தானாம். ராத்திரி வந்து நனைஞ்ச டையை நாற்காலியில தொங்க விட்டான். என்கிட்ட அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

லாக்லன் விஸ்கியைக் குடிக்கவில்லை. வெளியே போய்ச் சுவரோரம் நின்றார். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? நாள் முழுக்க அந்தப் படகில், ரோனாவுக்கான இரண்டு ஓட்டும் எதிரெதிரே உட்கார்ந்து தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வற்றிவிட்டது. அது இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் ஓட்டு நாளன்று அவரை அழைத்துப்போக வண்டி எடுத்துக்கொண்டு போனேன். ஜோடி செத்துவிட்டால் மற்றவருக்கு விடுதலை, அதுவும் வழக்கம்தான். படகு கரையில் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் அதன்மேல் சாய்ந்து நின்றார், டை கட்டியிருந்தார். முடிச்சு கோணலாக இருந்தது.

"ஐனாகிட்ட வாங்கினேன்," என்றார். "யாரு நிக்கிறா நம்ம கட்சியில?"

"எடின்பரோவிலேருந்து ஒரு வக்கீல். நல்ல மனுஷன்."

"இங்க வந்தாரா?"

"இல்ல."

தலையாட்டிக்கொண்டார். பக்கத்து ஊர் மண்டபத்துக்குப் போனோம். சீட்டை வாங்கிக்கொண்டு பலகைத் தடுப்புக்குள் நுழைந்தவர் வெளியே வரவே இல்லை. தடுப்புக்குக் கீழே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. நூலில் கட்டிய பென்சில் பலகையில் உராயும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் கனைத்தார்கள். "என்ன பெரியவரே, கடுதாசி எழுதுறீங்களா?" என்றார் சாவடி அதிகாரி. கடைசியில் வெளியே வந்து, சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார். திரும்பும் வழியில் டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் எண்ணிக்கை. எங்கள் வக்கீல் தோற்றார், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. முடிவை அறிவிப்பதற்கு முன்னால் சந்தேகச் சீட்டுகளை ஏஜென்ட்டுகளிடம் காட்டுவார்கள். தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் வசவு, ஒன்றில் ஒரு பன்றி. எல்லாரும் சிரித்தோம். அடுத்ததைப் பிரித்தார்.

அச்சடித்த பெயர்களுக்கு நேரே எல்லாக் கட்டமும் காலியாக இருந்தது. அடியில் இருந்த வெற்றிடத்தில், பென்சிலால், படகுக்குப் பெயர் எழுதுவது போன்ற பெரிய எழுத்தில் ரோனா மக்காஸ்கில் என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே பொறுமையாக ஒரு கட்டம் வரைந்திருந்தது. கட்டத்துக்குள் இரண்டு பெருக்கல் குறி. ஒன்று தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டது. மற்றது கொஞ்சம் சாய்ந்து, அதன் தோளை ஒட்டினாற்போல.

"இப்படி ஒரு வேட்பாளரே இல்லையே," என்றார் அதிகாரி. "செல்லாது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

மற்றவர்கள் இல்லை என்று தலையசைத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது, எல்லாரும் பார்க்கும்படி.