பதினொண்ணாம் நம்பர் பல்

திரௌபதிக்கு வாயை மூடினாலே கீழ்ப்பல் மேலண்ணத்தில் போய்க் குத்தும். மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருகிறவள் அவள். காற்றில் வருகிற உப்பு அந்தப் புண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான்.

பாண்டிச்சேரியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்காக இலவசமாகக் கிளிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். டாக்டர் ஜெயப்ரியா பொறுமையாக விளக்கினார்.

"சாதாரண கிளிப் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்மா. மாசாமாசம் வந்து கம்பியை வளைச்சு வளைச்சு சரி பண்ணணும், ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். இது உங்க ஒவ்வொரு பல்லையும் ஸ்கேன் பண்ணி, உங்களுக்குன்னே செய்யறது. சீக்கிரம் முடியுதான்னுதான் பாக்கறோம். நீங்க அடிக்கடி வரவும் வேணாம்."

கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குப் பிடித்தது. அவள் ஊரைத் தாண்டிப் போய் வந்தாலே அவள் புருஷன் சடையப்பன் சண்டை பிடிப்பான். உப்பளத்து டிராக்டர் ஓட்டுகிறவன். ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று பொழுது சாயும்வரை கேட்டான்.

மூன்று வாரம் கழித்து, குடித்துவிட்டு வந்தவன் மறுபடி ஆரம்பித்தான்.

"உப்பு வார்றவளுக்கு எதுக்குடி அழகு? எவனுக்குக் காட்டப் போற?"

"அழகுக்கு இல்ல. சோறு துன்ன முடியல."

கையிலிருந்த ஸ்பேனரை வீசினான். முன்பல் ஒன்று வேரோடு விழுந்தது. பக்கத்துப் பல் பாதியாக உடைந்தது. மறுநாள் வாயை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். வெயிலுக்கு எல்லாப் பெண்களும் அப்படிக் கட்டுகிறவர்கள்தான். ஒருவரும் கேட்கவில்லை.

கிளிப் வந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. அவனிடம் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

சின்னத் தட்டில் பல்லுக்கு ஒன்றாகச் செய்த கிளிப்புகளைப் பல்வரிசைப்படி நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். ஜெயப்ரியா அவள் வாயைத் திறந்து பார்த்தவர், விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முன்பல்லுக்கான பதினொண்ணாம் நம்பர் கிளிப்புக்குப் பல்லே இல்லை.

"என்னாச்சு?"

"வரப்புல வழுக்கிட்டேங்க."

"வழுக்கி விழுந்தா தாடையிலயும் மூக்குலயும் அடிபட்டிருக்கும். உங்களுக்கு ஒரே இடத்துல பட்டிருக்கு."

திரௌபதி தலையைக் குனிந்துகொண்டாள். "அவருதாங்க" என்றாள்.

இனி அவளை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ள முடியாது, செய்து வந்த கிளிப்பும் உதவாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்தார். முன்னால் எடுத்ததையும் இதையும் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். இரண்டிலும் தேதி இருந்தது. ஒன்றில் வரிசை முழுசாக இருந்தது, இன்னொன்றில் ஓட்டை.

திரௌபதி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இதைப் பேப்பர்ல போட்டுத் தருவீங்களா?"

ஜெயப்ரியா கையெழுத்துப் போட்டு, காயத்தைப் பற்றியும் எழுதிக் கொடுத்தார்.

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த போலீஸ் அம்மா அந்தத் தாள்களைப் புரட்டினார். "புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்பறேன். பேசி முடிச்சிக்கலாமா?"

"வேணாங்க. எழுதுங்க" என்றாள். பல் போன சந்தில் காற்று வந்ததில் சொல் குழறியது. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. திரௌபதி மறுபடி சொன்னாள்.

சடையப்பன் பதினெட்டு நாள் ஜெயிலில் இருந்தான். ஜாமீனில் வெளியே வந்து மறுபடி உப்பளத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். அவனை வைத்துக்கொண்ட முதலாளி திரௌபதியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் இப்போது பிரம்மதேசம் கிராமத்தில் அக்கா மங்கம்மா வீட்டில் இருக்கிறாள். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை எடுக்கப் போகிறாள். வாய்தாவுக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று. இரண்டு முறையும் அவன் கோர்ட் வாசலில் நின்று அவள் வாயைப் பார்த்துச் சிரித்தான். அவள் துண்டு கட்டிக்கொள்ளவில்லை.